ஒரு டீ 130 ரூபாய்: விமான நிலைய விலை எங்கிருந்து வருகிறது?

போன ஆடியில் பெரியம்மாவை விமானம் ஏற்றிவிடப் போயிருந்தேன். சிங்கப்பூரில் மகளுக்குப் பிரசவம். மூன்று மாதம் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளக் கிளம்பினார். காரைக்குடியிலிருந்து மாலையே புறப்பட்டு, வழியில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தி ஆளுக்கொரு டீ குடித்தோம். ஒரு டீ 12 ரூபாய். பயணச்சீட்டு இல்லாதவர்களை முனையத்துக்குள் விடமாட்டார்கள் என்பதால் வாசலோடு என் வேலை முடிந்தது. திரும்பி வந்துகொண்டிருக்கும்போது போன் வந்தது.

“ஏப்பா, இங்க ஒரு டீ 130 ரூபாங்கிறாங்க. எனக்குத்தான் காது சரியாக் கேக்கலையா?”

காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. கடைசிவரை அவர் டீ வாங்கவே இல்லை. நள்ளிரவு விமானத்துக்காக மூன்று மணி நேரம் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் பணம் இருந்தது. ஆனால் 12 ரூபாய்க்குக் குடித்ததற்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பத்து மடங்குக்கு மேல் கொடுக்க மனசு வரவில்லை. அவர் வயதில் அப்படி உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

ஊரில் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: “அங்கே வாடகை ஜாஸ்தி, அதான்.” அது பாதி உண்மை. மீதிப் பாதியைப் புரிந்துகொண்டால், விலையைக் குறைக்க எங்கே கை வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. சந்தையும் கண்மாயும் தெரிந்த யாருக்கும் இது விளங்கும்.

‘பலர்’ என்ற பதில்

பெரியம்மாவின் திகைப்பு நம் பக்கத்துக்காரர் இன்னொருவருக்கும் வந்திருக்கிறது. காரைக்குடிக்குப் பக்கத்தில் கண்டனூரில் பிறந்து, நாட்டின் நிதியமைச்சராக இருந்த ப. சிதம்பரம், 2018 மார்ச்சில் சென்னை விமான நிலையத்தில் டீ கேட்டார். வெந்நீரும் டீத்தூள் பொட்டலமும் தருவதாகச் சொன்னார்கள். விலை 135 ரூபாய். காபி 180. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இந்த விலைக்கு யார் வாங்குகிறார்கள் என்று கேட்டபோது ‘பலர்’ என்று பதில் வந்ததாக ட்விட்டரில் எழுதினார். 2024 செப்டம்பரில் மறுபடி எழுதினார். அப்போது கொல்கத்தா விமான நிலையம், அதே வெந்நீரும் பொட்டலமும், விலை 340 ரூபாய்.

அந்த ‘பலர்’ என்ற ஒற்றைச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு பொருளின் விலை அதைச் செய்ய ஆன செலவிலிருந்து மட்டும் பிறப்பதில்லை. இந்த விலைக்கு வாங்க ஆள் இருக்கிறதா என்பதும் விலையைத் தீர்மானிக்கிறது. டீ 12 ரூபாய்க்கு விற்கும் ஊரில் 130 ரூபாய்க்கு வாங்க ஆள் கிடைக்காது. விமான நிலையத்தில் கிடைக்கிறது. ஏன்?

அடைபட்ட வாடிக்கையாளர்

இரவுப் பேருந்தில் சென்னைக்குப் போனவர்களுக்கு இதற்கு விடை தெரியும். நடுராத்திரியில் ஏதோ ஒரு மோட்டலில் வண்டியை நிறுத்துவார்கள். சுற்றிலும் இருட்டு. பத்துப் பதினைந்து நிமிடத்தில் வண்டி கிளம்பிவிடும். அங்கே என்ன இருக்கிறதோ அதைத்தான் சாப்பிட வேண்டும், என்ன விலை சொல்கிறார்களோ அதைத்தான் கொடுக்க வேண்டும். வேறு கடைக்கு நடக்க வழி இல்லை.

காரைக்குடி பேருந்து நிலையத்தைச் சுற்றி நிலைமை வேறு. பத்தடிக்கு ஒரு டீக்கடை. ஒரு கடைக்காரர் நாளைக் காலையில் டீயை 25 ரூபாய் ஆக்கினால், அவரைக் கேள்வி கேட்க யாரும் தேவையில்லை. ஆட்கள் பக்கத்துக் கடைக்கு நகர்ந்துவிடுவார்கள், ஒரு வாரத்தில் அவரே பழைய விலைக்கு வந்துவிடுவார். டீ 12 ரூபாயில் நிற்கக் காரணம் அந்தப் பக்கத்துக் கடைதான். பக்கத்துக் கடை இல்லாத இடத்தில் விலையைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் மாட்டியவரை அடைபட்ட வாடிக்கையாளர் என்று சொல்லலாம்.

விமான நிலையத்தில் இந்த அடைப்பு ஒரு சுவரோடு நிற்பதில்லை. நிலையமே ஊரை விட்டுத் தள்ளி இருக்கிறது. வெளிநாட்டு விமானம் என்றால் மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி உள்ளே போய்விட்டால் வெளியே வந்து டீ குடித்துவிட்டுத் திரும்ப முடியாது. அதற்கு மேல் தண்ணீர் விதி ஒன்று இருக்கிறது. 2006 ஆகஸ்டில், திரவ வெடிபொருளை பானப் புட்டிகளில் மறைத்து அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்களைத் தகர்க்கப் போட்ட சதி ஒன்று லண்டனில் பிடிபட்டது. அதற்குப் பிறகுதான் வெளிநாட்டு விமானங்களில் கைப்பையில் 100 மில்லி லிட்டருக்கு மேல் திரவம் கொண்டுபோகக் கூடாது என்ற கட்டுப்பாடு உலகம் முழுக்கப் பரவியது. வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு, உள்ளே போய் விலைக்கு வாங்கும் நிலை அப்படித்தான் வந்தது. உயிரைக் காக்கப் போட்ட விதி அது, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்த விதியால் கடைக்காரருக்குக் கிடைத்த அனுகூலத்தை யாரும் கணக்கில் எடுத்துச் சரிசெய்யவில்லை என்பது பெரிய குறை.

இன்னொன்றும் சேர்கிறது. பயணச்சீட்டுக்கு 15,000 ரூபாய் கொடுத்தவருக்கு 130 ரூபாய் சின்னத் தொகையாகத் தெரியும். கம்பெனிச் செலவில் போகிறவர் ரசீதை நீட்டிப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார். இப்படி, விலை ஏறினாலும் வாங்கும் எண்ணிக்கை அவ்வளவாகக் குறையாத இடம் அது. பத்துப் பேரில் மூன்று பேர் பெரியம்மாவைப் போல எழுந்து போனாலும், மிச்சம் ஏழு பேரிடம் கடைக்காரருக்கு அதைவிடக் கூடுதலாகவே கிடைத்துவிடும். அந்த மூன்று பேர் யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

குத்தகை

இனி வாடகைக்கு வருவோம். விமான நிலையக் கடையின் வாடகை நாம் பழகிய கடை வாடகையைப் போன்றது இல்லை. அதற்குச் சரியான சொல் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது: குத்தகை. வாரச் சந்தையில் கடை போடுபவர்களிடம் கட்டணம் வசூலிக்கும் உரிமையை நகராட்சியோ ஊராட்சியோ ஏலம் விடும். கோயில்களில் தேங்காய்க் கடைக்கும் வண்டி நிறுத்துமிடத்துக்கும் ஏலம் நடக்கும். யார் கூடுதலாகக் கேட்கிறாரோ அவருக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு உரிமை. விமான நிலையத்திலும் இதுதான் நடக்கிறது. டெண்டர் என்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

டெண்டரில் பொதுவாக இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, மாதம் எவ்வளவு விற்றாலும் விற்காவிட்டாலும் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை. இன்னொன்று, விற்பனையில் இத்தனை சதவீதம் என்ற பங்கு. இந்த இரண்டில் எது கூடுதலோ அதைக் கட்ட வேண்டும். லாபத்தில் பங்கு இல்லை, கவனியுங்கள். கல்லாவில் விழும் மொத்தப் பணத்தில் பங்கு.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளங்குவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. டீ 120 ரூபாய், அதில் 5 சதவீதம் ஜிஎஸ்டி அடக்கம். வரி போனால் கடைக்குச் சுமார் 114 ரூபாய். நிலையத்தின் பங்கு 30 சதவீதம் என்றால் 34 ரூபாய் போய்விடும். கையில் 80. பால், தூள், சர்க்கரை, கோப்பைக்கு 12 ரூபாய் வைப்போம். இரவும் பகலும் ஆள் வைக்க ஒரு டீக்கு 30 ரூபாய். மின்சாரம், பராமரிப்பு 10. நிலையத்தின் அலங்காரத்துக்குப் பொருந்தும்படி கடையைக் கட்டிய செலவை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் ஒரு டீக்கு 10. மிச்சம் 18 ரூபாய். ஊர் டீக்கடைக்காரருக்கு ஒரு டீயில் இரண்டு மூன்று ரூபாய் நின்றால் பெரிது. ஆனால் அவர் நாளெல்லாம் விற்பார். இவருக்கு விமானங்கள் சேர்ந்து கிளம்பும் இரண்டு மூன்று வேளைகளில்தான் வியாபாரம், நடுவில் கடை காலியாகக் கிடக்கும்.

ஆளுக்கு ஏன் அவ்வளவு செலவு என்று கேட்கலாம். உள்ளே வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் பின்னணி விசாரித்து நுழைவு அட்டை வாங்க வேண்டும். பால் பாக்கெட் முதல் எல்லாச் சரக்கும் சோதனையைத் தாண்டித்தான் உள்ளே போகும். அப்புறம், இடம் குறுகல் என்பதால் சரக்கைச் சேர்த்து வைக்கவும் முடியாது. இவையெல்லாம் உண்மையான செலவுகள்தான். ஆனால் ஊர் விலையை இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஆக்கத்தான் இவை போதும். பத்து மடங்குக்கு இவை காரணம் சொல்லாது.

மடைப் பக்கத்து வயல்

இப்போதுதான் அந்த மீதிப் பாதி வருகிறது.

வாடகை கூடுதல், அதனால் விலை கூடுதல் என்கிறோம். வாடகை ஏன் கூடுதல்? குத்தகை எடுப்பவர் ஏலத்தில் அவ்வளவு பெரிய தொகையை ஏன் கேட்டார்? டீயை 120 ரூபாய்க்கு விற்க முடியும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். அதை வைத்துக் கணக்குப் போட்டு, இவ்வளவு கட்டினாலும் நமக்கு நிற்கும் என்று துணிந்து கேட்டார். 20 ரூபாய்க்கு மேல் விற்க முடியாது என்றிருந்தால், அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் கேட்டிருக்கமாட்டார். ஆகவே பெரும்பகுதி தலைகீழாகத்தான் நடக்கிறது: கூட்டி விற்க முடியும் என்பதால்தான் வாடகை கூடியது.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. டேவிட் ரிக்கார்டோ என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1817-லேயே எழுதிவைத்தார். நிலத்துக்குக் குத்தகை கொடுப்பதால் தானிய விலை கூடவில்லை, தானிய விலை கூடியிருப்பதால்தான் குத்தகை கொடுக்கப்படுகிறது என்பது அவர் வாதம். நம் பக்கத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். செட்டிநாட்டில் பாசனத்துக்குப் பெரும்பாலும் கண்மாய்தான். மடைக்குப் பக்கத்தில் உள்ள வயலுக்குக் குத்தகை கூடுதல். தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் வயலுக்குக் குறைவு. இரண்டு வயலிலும் விளைந்த ஒரே ரக நெல்லைக் கொண்டுபோய் வியாபாரியிடம் போட்டுப் பாருங்கள். மடைப் பக்கத்து நெல்லுக்குக் கூடுதல் விலை கொடுப்பாரா? ‘நான் குத்தகை ஜாஸ்தி கொடுத்தேன்’ என்றால் காதில் வாங்கவே மாட்டார். குத்தகை நெல் விலையை ஏற்றுவதில்லை. நல்ல இடத்தில் கூடுதலாகக் கிடைக்கும் லாபத்தை நிலத்துக்குச் சொந்தக்காரர் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் வழிதான் குத்தகை.

விமான நிலையக் கடை மடைப் பக்கத்து வயல். அங்கே பாயும் தண்ணீர், சுவருக்குள் அடைபட்ட பயணிகள்.

ஒரு நுணுக்கத்தை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தவறான படம் கிடைக்கும். மாதம் இவ்வளவு என்ற கட்டாயத் தொகை, ஒவ்வொரு டீயின் விலையையும் நேரடியாக ஏற்றாது. அதைக் கட்டியாயிற்று; இனி எந்த விலையில் விற்றால் கல்லா நிறையும் என்பதுதான் கடைக்காரரின் கேள்வி. வாடகையே வாங்காமல் இடத்தைக் கொடுத்தாலும் அவர் அதே விலையைத்தான் வைப்பார், லாபம் மட்டும் அவருடையதாகிவிடும். சதவீதப் பங்கு அப்படி இல்லை. ஒவ்வொரு கோப்பை விற்கும்போதும் அதில் ஒரு துண்டு போகிறது. அந்தத் துண்டு உண்மையிலேயே விலையை மேலே தள்ளும், குறைந்த விலைக்கு நிறைய விற்கும் ஆசையையும் கொன்றுவிடும். எனவே ‘வாடகையால்தான் விலை’ என்பவர் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் பெரிய காரணத்தை விட்டுவிட்டுச் சின்னக் காரணத்தைச் சொல்கிறார்.

அந்தப் பணம் எங்கே போகிறது

நாம் கொடுக்கும் டீக்காசில் ஒரு பகுதி விமான நிலையத்தை நடத்தவே போகிறது. விமானம் இறங்கும் கட்டணம், நிறுத்தும் கட்டணம், பயணிகளிடம் வாங்கும் மேம்பாட்டுக் கட்டணம் ஆகியவற்றைப் பெரிய நிலையங்களில் முறைப்படுத்த, 2008-ம் ஆண்டுச் சட்டத்தின்படி ஓர் ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. டீ, இட்லி விலை அதன் கையில் இல்லை. 2016-ல் வந்த தேசிய விமானப் போக்குவரத்துக் கொள்கைப்படி, கடை, விளம்பரம், வண்டி நிறுத்துமிடம் போன்றவற்றில் வரும் வருமானத்தில் 30 சதவீதத்தைக் கணக்கில் எடுத்து விமானக் கட்டணங்களைக் குறைக்க வேண்டும். டீ விலை கூடினால் பயணச்சீட்டில் ஏதோ ஒரு சிறு அளவு குறைகிறது என்று வாதிடலாம். டீ குடிக்காமல் உட்கார்ந்திருந்த பெரியம்மாவுக்கு அந்த வாதத்தை நான் சொல்லமாட்டேன்.

தனியாரிடம் கொடுத்த நிலையங்களில் குத்தகைக்குள் குத்தகை. டெல்லி விமான நிலையத்தை 2006-ல் எடுத்த நிறுவனம், தன் மொத்த வருமானத்தில் 45.99 சதவீதத்தை இந்திய விமான நிலையங்கள் ஆணையத்துக்குத் தர ஒப்புக்கொண்டது. மும்பையில் 38.7 சதவீதம். மேலே இவ்வளவு பங்கு போகும்போது, கீழே கடைக்காரரிடம் எவ்வளவு கறக்க முடியுமோ அவ்வளவு கறக்கத்தான் பார்ப்பார்கள்.

அச்சிட்ட விலை

இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள், கைக்காசுக்கு நேரடியாகப் பயன்படும். பொட்டலத்திலும் புட்டியிலும் அடைத்து விற்கும் பொருளுக்கு அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை, நாம் எம்ஆர்பி என்பது, விமான நிலையத்துக்கும் பொருந்தும். வரிகள் எல்லாம் அதற்குள் அடக்கம். பிஸ்கட், சிப்ஸ், தண்ணீர், குளிர்பானம் எதுவானாலும் அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கடையில் வாங்கக் கூடாது.

முன்பு இதைச் சுற்றிப் போக ஒரு வழி இருந்தது. அதே தண்ணீருக்கு ஊர்க் கடைக்கு ஒரு விலையும், விமான நிலையத்துக்கும் மால்களுக்கும் தனி விலையும் அச்சிட்டார்கள். 2017-ல் விதியைத் திருத்தி, ஒரே மாதிரியான பொட்டலப் பொருளுக்கு இரண்டு விலை அச்சிடக் கூடாது என்று ஆக்கினார்கள். 2018 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

அப்படியும் உள்ளே தண்ணீர் ஏன் விலை கூடுதலாக இருக்கிறது? ‘ஒரே மாதிரியான’ என்ற சொல்லைப் பாருங்கள். 20 ரூபாய்ப் புட்டியை அலமாரியில் வைக்காமல், வேறு பெயரில், வேறு அளவில், 60, 70 ரூபாய் அச்சிட்ட புட்டியை மட்டும் வைத்தால் விதி மீறப்படவில்லை. கடையில் எது இருக்க வேண்டும் என்று விதி சொல்வதில்லை, இருப்பதை என்ன விலைக்கு விற்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. இரண்டாவது வாசல், உணவகம். உட்கார வைத்துப் பரிமாறும் ஓட்டல்கள் புட்டித் தண்ணீருக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அங்கே பொருளோடு சேவையும் சேர்ந்திருக்கிறது என்பது காரணம். ஆகவே ஒரே நிலையத்தில், கடையில் வாங்கும் புட்டிக்கு ஒரு விதி, மேசையில் உட்கார்ந்து கேட்கும் புட்டிக்கு வேறு விதி. டீக்கும் இட்லிக்கும் அச்சிட்ட விலையே கிடையாது என்பதால் இந்தச் சட்டம் அவற்றைத் தொடுவதே இல்லை.

சத்திரம் என்ற இன்னொரு வழி

அடைபட்டவரிடம் கூட்டித்தான் வாங்க வேண்டும் என்று எந்த இயற்கை விதியும் இல்லை. ரயிலைப் பாருங்கள். ஓடும் ரயிலில் இருப்பவரைவிட அடைபட்டவர் யார்? ஆனால் அங்கே ரயில் நீர் ஒரு லிட்டர் 15 ரூபாய்க்கு விற்றார்கள். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி குறைந்ததும் 14 ரூபாய் ஆக்கினார்கள். விலையை ரயில்வே தீர்மானிக்கிறது, அவ்வளவுதான் ரகசியம்.

அமெரிக்காவில் போர்ட்லாந்து நகர விமான நிலையம், உள்ளே கடை வைப்பவர் வெளிக் கடையில் என்ன விலையோ அதே விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று பல ஆண்டுகளாக ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குகிறது. நியூயார்க்கில் ஒரு பீருக்கு 27 டாலருக்கு மேல் போட்ட விலைப்பட்டியலை ஒரு பயணி 2021-ல் படம் எடுத்துப் போட, பெரிய சலசலப்பு ஆனது. அங்குள்ள நிலையங்களை நடத்தும் துறைமுக ஆணையம், நகர விலைக்கு மேல் 10 சதவீதம்தான் கூட்டலாம் என்று 2022-ல் விதியை இறுக்கியது. பெரியம்மா போய் இறங்கிய சிங்கப்பூர் சாங்கியில், நிலைய ஊழியர்கள் சாப்பிடும் உணவகங்களில் பொதுமக்களும் போய்ச் சாப்பிடலாம். விவரம் தெரிந்த நம்மவர்கள் அங்கேதான் போவார்கள்.

நம் நாட்டிலும் ஒரு தொடக்கம் இருக்கிறது. 2024 டிசம்பர் 21 அன்று கொல்கத்தா விமான நிலையத்தில் ‘உடான் யாத்ரி கஃபே’ திறந்தார்கள். 2025 பிப்ரவரி 27-ல் சென்னை உள்நாட்டு முனையத்துக்கும் வந்தது. டீ 10, தண்ணீர் 10, காபி 20, சமோசா 20, இனிப்பு 20 ரூபாய். முதன்முதலில் அந்த விலைப்பட்டியலைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. பத்து ரூபாய்க்கு டீ கொடுக்க முடியாது என்று இத்தனை நாள் சொன்னதெல்லாம் பொய் என்று ஆகிவிட்டதல்லவா? இடத்தை ஏலக் கணக்கில் இருந்து வெளியே எடுத்து, விலையையும் முன்பே நிர்ணயித்தார்கள், டீ விலை இறங்கிவிட்டது.

வழிப்போக்கரின் பசியை எப்படிப் பார்ப்பது என்பதில் செட்டிநாட்டுக்கு நீண்ட பழக்கம் உண்டு. வியாபாரத்தில் வட்டிக்கணக்கை வரிக்கு வரி எழுதிய நகரத்தார்கள்தான் காசியிலும் ராமேசுவரத்திலும் சத்திரம் கட்டினார்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்து போகும் பாதயாத்திரைக் கூட்டமும் வழியில் அடைபட்ட வாடிக்கையாளர்தான், கொளுத்தும் வெயிலில் வேறு வழி இல்லாதவர்கள். அவர்களுக்கு வழிநெடுக அன்னதானமும் மோரும் கிடைக்கிறது. இலவசமாகக் கொடுங்கள் என்று விமான நிலையத்தைக் கேட்கவில்லை. ஏலக்கடை பத்து இருக்கட்டும், கூடவே சத்திரக் கணக்கில் ஒன்று இருக்கட்டும் என்கிறேன். அதுவும் சோதனையைத் தாண்டிய உட்பகுதியில், வெளிநாட்டு முனையத்திலும்.

எப்போது கேட்க வேண்டும் என்பதும் மேலே சொன்ன குத்தகைக் கணக்கிலேயே இருக்கிறது. ஏலம் முடிந்தபின் விலையைக் குறை என்றால் கடைக்காரர் நஷ்டப்படுவார், வழக்குக்குப் போவார். டெண்டர் அறிவிக்கும்போதே ‘டீ 20 ரூபாய், அரை லிட்டர் தண்ணீர் 10 ரூபாய், இட்லி இவ்வளவு’ என்று நிபந்தனை போட்டுவிட்டால், எடுப்பவர் அதற்குத் தகுந்தபடி குத்தகைத் தொகையைக் குறைத்துக் கேட்பார். கடையும் வரும், டீயும் கிடைக்கும். குறைவது நிலையத்தின் வருமானம் மட்டும்தான். செட்டிநாட்டில் இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுதளம் ஒன்று சும்மா கிடக்கிறது, அதில் விமானம் இறங்க வேண்டும் என்ற கோரிக்கை நம்மிடையே உண்டு. அது நடந்தால், கடைக்கு டெண்டர் போகும் முன்பே இந்த நிபந்தனையைக் கேட்டு மனுக் கொடுக்க முதல் ஆளாக நான் நிற்பேன்.

அதுவரை கையில் என்ன எடுத்துப் போவது

காலிப் புட்டியைத் தாராளமாக உள்ளே கொண்டுபோகலாம், வெளிநாட்டு விமானம் என்றால் அதில் தண்ணீர் இருந்தால்தான் பிரச்சினை. உள்ளே குடிநீர்க் குழாய் இருக்கும், கழிப்பறைப் பக்கமாகத் தேடுங்கள். தெரியாவிட்டால் அங்கே நிற்கும் ஊழியரிடம் கேளுங்கள், காட்டுவார்கள்.

வீட்டுச் சாப்பாட்டுக்குத் தடை இல்லை. பொடி தடவிய இட்லி, சப்பாத்தி, தேன்குழல், கைமுறுக்கு, சீயம் எல்லாம் கைப்பையில் போகும். சட்னி, குழம்பு, தயிர் திரவக் கணக்கில் வரும் என்பதால் விட்டுவிடுங்கள். கொப்பரைத் தேங்காயை எந்தப் பையிலும் வைக்காதீர்கள். எளிதில் தீப்பிடிக்கும் என்று விமான நிறுவனங்கள் அதை எடுத்து வைத்துவிடும். இறைச்சி சேர்ந்த பொருள் என்றால் இறங்கும் நாட்டின் விதியைக் கேட்டுக்கொண்டு எடுங்கள்.

பொட்டலப் பொருள் வாங்கினால் முதலில் புட்டியைத் திருப்பி அச்சிட்ட விலையைப் பாருங்கள். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேட்டு வாங்குங்கள், அச்சிட்ட விலையோடு சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைப் பார்ப்பது தொழிலாளர் துறை, அங்கேயும் புகார் கொடுக்கலாம். சண்டை வேண்டியதில்லை. “இதில் 20 என்று போட்டிருக்கிறதே தம்பி” என்று அமைதியாகச் சொன்னாலே பல இடங்களில் சரிசெய்துவிடுவார்கள்.

சென்னையிலிருந்து உள்நாட்டு விமானம் ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பத்து ரூபாய் டீக்கடை பாதுகாப்புச் சோதனைக்கு முன்னால் இருக்கிறது. உள்ளே போனபிறகு நினைவு வந்தால் திரும்பி வர முடியாது. குடித்துவிட்டே வரிசையில் நில்லுங்கள்.